குடைக்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிய சனிக்கிழமை

தெருவில் அவளுக்குக் குடைக்காரம்மா என்று பெயர். வெயிலோ மழையோ, கையில் ஒரு மஞ்சள் குடை இருக்கும். அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. மடக்கிய குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அவள் முன்னால் நடக்க, கழுத்தில் கேமராவும் முதுகில் பையுமாக ஒரு கூட்டம் பின்னால் வரும். எங்கள் கடைத்தெருவை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. அந்தத் தெருவில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டிருக்கிறேன், அவள் முகத்துக்கு நேராகவே.

எனக்கு அவள் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மேல் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மாடிப்படி, துணி உலர்த்த ஒரே கொடி. இத்தனை நெருக்கத்திலும் எங்களுக்குள் சண்டை வராததற்குக் காரணம் என் பொறுமை என்று நான் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அக்காவின் வாய்தான் காரணம். அவள் நிறுத்தாமல் பேசுவாள். நாம் கோபித்துக்கொள்ள இடைவெளியே கிடைக்காது.

அந்த வாய் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போயே போய்விட்டது.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவரைப் பெரியவர் என்போம். லிஃப்ட்காரர்களுக்கும் பிளம்பர்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி. எதிரணியில் எல்லோரும் தோள் விரிந்த ஆட்கள். எங்கள் அணியில் பாதிப் பேருக்கு முதுகுவலி. கயிறு அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அக்கா மைதான ஓரத்தில் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, "இழுங்கய்யா! வீட்ல போர்வையை இழுக்கிற மாதிரி இழுங்க!" என்று போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம்! பிளம்பர்களுக்குச் சிரிப்பு வந்து பிடி தளர்ந்தது. லிஃப்ட்காரர்கள் ஜெயித்தார்கள். வந்தது ஒரு பிளாஸ்டிக் கோப்பை, போனது அக்காவின் தொண்டை.

சனிக்கிழமை காலையில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா என் அடுப்படியில் வந்து நின்றாள். வாய் திறந்தாள். காற்று வந்தது. ஒரு மாதிரி சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த சத்தம். அவ்வளவுதான்.

பின்னாலேயே பெரியவர் கோப்பையோடு இறங்கி வந்தார்.

"உப்புத் தண்ணி, வெந்நீர், எல்லாம் குடுத்தாச்சு. ஒண்ணும் வேலைக்கு ஆகலை. காலையிலேருந்து வீடு எப்படி அமைதியா இருக்குங்கிற! எனக்கே பயமா இருக்கு."

அக்கா குடையால் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு என்னைக் காட்டினாள். தன் வாயைக் காட்டினாள். மறுபடி என்னைக் காட்டினாள்.

"என்னக்கா? பசிக்குதா?"

தலையில் அடித்துக்கொண்டாள். பெரியவர்தான் விளக்கினார். "நீ பேசணுமாம். அவளுக்குப் பதிலா. இன்னிக்கு அந்தக் கம்பெனிப் பொண்ணு வர்ற நாள் இல்லையா?"

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு ஆட்களை அனுப்புவது ஒரு சுற்றுலாக் கம்பெனி. அந்தக் கம்பெனிக்குப் புதிதாக ஒரு யோசனை வந்திருந்தது. வருகிறவர்கள் காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டால் போதும். கருவி பேசும், அவர்கள் பாட்டுக்கு நடந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கருவிக்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, தொண்டை கட்டாது. மற்றத் தெருக்களில் ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு ஆள் வேண்டுமா, கருவி போதுமா என்று நேரில் நடந்து பார்த்துச் சொல்லத்தான் அந்தப் பெண் வருகிறாள். அவள் கருவி போதும் என்று சொல்லிவிட்டால் அக்காவுக்கு வேலை இல்லை. இந்த நாள் பார்த்துத்தான் அக்காவுக்கு வாய் இல்லை.

"என்னால முடியாதுக்கா. நான் பேங்க்ல டோக்கன் வாங்கறதுக்கே தடுமாறுறவ. அதோட, நீங்க அங்க என்ன சொல்வீங்கன்னே எனக்குத் தெரியாதே!"

அது உண்மை. எத்தனையோ நாட்டுக்காரர்கள் அவள் பின்னால் நடந்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கிற நான் ஒரு நாள்கூடப் போனதில்லை. தினம் காய்கறி வாங்குகிற தெருவை எவளாவது சுற்றிப் பார்க்கப் போவாளா? அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். குரல் இருந்திருந்தால் அரை மணி நேரம் திட்டியிருப்பாள். அந்தப் பார்வை அதைவிட மோசம். நான் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் இந்த வேலைக்கு வந்த விதமே ஒரு வேடிக்கை. முன்பு அவளுக்குப் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. பள்ளிக்கூடம் வேனை விற்றபோது அவளையும் அனுப்பிவிட்டது. மறுநாள் வீட்டில் உட்கார முடியாமல் கடைத்தெருவுக்குப் போனவளிடம் வெளியூர்ப் பெண்கள் இரண்டு பேர் பேக்கரிக்கு வழி கேட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே? கூடவே நடந்து, வழியில் இருக்கிற கடை, கடைக்காரர், அவர் எங்கிருந்து வந்தார், அவர் மனைவி எங்கிருந்து வந்தாள் என்று பேசிக்கொண்டே போயிருக்கிறாள். போகப் போக, போகிற வருகிறவர்களும் நின்று கேட்டு, கூடவே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேக்கரி வாசலில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஊர்வலம். அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் கம்பெனிக்குச் சொன்னவர்.

வேன் போனாலும் வேன் பழக்கம் போகவில்லை. சாலையைக் கடக்கும்போது ஜோடி ஜோடியாகக் கை பிடித்துக்கொள்ள வேண்டும். இது அக்காவின் சட்டம். பெரிய பெரிய அதிகாரிகள், தொழிலதிபர்கள், ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள், எல்லோரும் கை கோத்துக்கொண்டுதான் கடப்பார்கள். கை பிடிக்காதவரை அக்கா கடக்க விடமாட்டாள். அப்படிக் கை பிடித்தவர்களில் ஒரு ஜோடி அதற்கப்புறம் விடவே இல்லை என்றும், கல்யாணப் பத்திரிகை வந்தது என்றும் சொல்வாள். பத்திரிகையை நான் பார்த்ததில்லை.

தெருமுனையில் கூட்டம் தயாராக நின்றது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. தோளில் குழந்தையை உட்கார வைத்திருந்த ஒரு நெட்டை மனிதர். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். இன்னும் சிலர். சற்றுத் தள்ளி, வெள்ளைக் காலணியும் ஒரு காதில் கருவியுமாகக் கம்பெனிப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். அவள் சிரித்தது பல் வைத்தியரிடம் வாயைக் காட்டுவது போல இருந்தது.

"நான் ஒரு காதுல ரெக்கார்டிங் கேட்டுக்கிட்டே வர்றேன், மேடம். இன்னொரு காதுல நீங்க. எது நல்லா இருக்குன்னு நேர்லயே தெரிஞ்சுடும் பாருங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

அக்கா தப்பாக நினைக்கவில்லை என்று தலையாட்டினாள். நான் முன்னால் வந்து, "அக்காவுக்குத் தொண்டை சரியில்லை. இன்னிக்கு நான்தான்," என்றேன்.

"பரவாயில்லை, தொடங்குங்க," என்றாள் அந்தப் பெண். காதில் மாட்டியிருந்ததை விரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டாள்.

எங்கள் கடைத்தெருவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டில் சண்டை, ஒரு நாட்டில் பஞ்சம், இன்னொரு நாட்டில் ஒத்துவராத மாமியார், இப்படி ஏதோ ஒன்று துரத்தி வந்து சேர்ந்தவர்கள்தான் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் ஆளுக்கொரு மொழி. வாசலுக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கலப்படப் பேச்சு. அதை அப்படியே எழுதினால் எனக்கே புரியாது என்பதால் நம் பேச்சில் எழுதுகிறேன். தெரு மிகவும் குறுகல். ஒரு கடையின் வாசலில் நின்றால் அந்தக் கடையை முழுதாகப் பார்க்க முடியாது. எதிர்க்கடை வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும். அதனால் அக்கா எப்போதும் டெய்லர் கடை வாசலில் கூட்டத்தை நிறுத்தி, எதிரே இருக்கும் சலூனைக் குடையால் காட்டிப் பேசுவாள். பிறகு கடந்துபோய் சலூன் வாசலில் நின்று டெய்லர் கடையைக் காட்டிப் பேசுவாள். தெரு முடிகிற வரை இப்படித்தான்.

டெய்லர் வாசலில் நின்றோம். அக்கா குடையைச் சலூன் பக்கம் நீட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இது வந்து... சலூன்," என்றேன்.

ஒரு கேமராகூட உயரவில்லை.

"இங்க முடி வெட்டுவாங்க."

தோளில் இருந்த குழந்தை கொட்டாவி விட்டது. வாத்தியார் குடைக்குக் கீழே குனிந்து, "எந்த வருஷம்?" என்று கேட்டார்.

"என்னது எந்த வருஷம்?"

"சலூன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குடையைத் திருப்பித் திருப்பிப் பேச்சை வரவழைக்கப் பார்த்தாள். கம்பெனிப் பெண் தன் கருவியில் லயித்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். அது எங்கள் மேல் காட்டிய இரக்கம். 'போச்சு, அக்கா வேலைக்கு நானே கொள்ளி வச்சுட்டேன்' என்று நினைத்தேன்.

அப்போது எங்கள் பின்னால் டெய்லர் கடைக்குள்ளிருந்து 'ம்ம்! ம்ம்ம்!' என்று ஒரு முனகல் கேட்டது. டெய்லர் ஒரு தீவுக்காரர். வேலை செய்யும்போது வாய் நிறைய குண்டூசி வைத்திருப்பார். அதனால் ஊமை போல இருப்பார். அந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் குத்திவிட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தார்.

"ஐயோ, இதைக் கேட்டுக்கிட்டு என்னால உட்கார முடியலைம்மா. அது அப்படி இல்லை. தள்ளுங்க!"

கத்தரிக்கோலைக் குடை மாதிரி தூக்கிப் பிடித்தார். தொண்டையைக் கனைத்தார். அப்புறம் அக்காவின் ஏற்ற இறக்கத்தோடு, அக்கா மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, ஆரம்பித்தார்.

"மக்களே! எதிர்ல கண்ணாடிக் கதவு தெரியுதா? உள்ளே நிக்கிறவர் தலையைப் பாருங்க. பேருக்கு ஒரு முடி கிடையாது. தனக்குன்னு எதுவும் வச்சுக்காம ஊருக்கே உழைக்கிற மனுஷன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டெய்லர் கையைக் காட்டி அடக்கினார். அதுவும் அக்காவின் கை.

"சிரிச்சாச்சா? இப்ப கேளுங்க. இந்தத் தெருவுக்கு எந்த நாட்லேருந்து யார் வந்து இறங்கினாலும் முதல்ல அவர் நாற்காலியில்தான் உட்காருவாங்க. பாஷை தெரியாது. விரலால இவ்வளவு, இவ்வளவுன்னு காட்டுவாங்க. அவர் வெட்டி முடிச்சுட்டு, தலைக்குப் பின்னால ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடிப்பார். பயணத்துல கசங்கி வந்தவங்க அதுல தன்னைப் பார்ப்பாங்க. சரி, மனுஷன் மாதிரிதான் இருக்கேன், இங்கேயே இருந்துடலாம்னு தலையாட்டுவாங்க. அப்படித் தலையாட்டி இங்கேயே தங்கினவங்கதான் மக்களே இந்தத் தெருவுல பாதிப் பேர்!"

கல்யாணப் பெண் கை தட்டினாள். எனக்கும் தட்டத் தோன்றியது. அக்கா வாயைத் திறந்தபடி டெய்லரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் குரல் வேறு ஒருவர் வாயிலிருந்து மீசையோடு வந்தால் யாருக்குத்தான் திகைப்பு வராது?

எதிரே சலூன் கதவு படாரென்று திறந்தது. சலூன்காரர் மலைநாட்டுக்காரர். ஆள் பீப்பாய் மாதிரி. ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு, தெருவின் குறுக்கே வந்தார்.

"என்னய்யா சொன்னே? கத்தரிக்கோலை நீட்டி நீட்டி என்ன சொன்னே என்னைப் பத்தி?"

இங்கே ஒரு பழைய விவகாரம் இருக்கிறது. சலூன் வாசலில் சிவப்பும் நீலமுமாகச் சுழலும் ஒரு விளக்கு. அதன் வெளிச்சம் டெய்லரின் துணி மேல் விழும். ஒரு தடவை நீலச் சட்டைக்குச் சிவப்பு நூல் போட்டுத் தைத்துவிட்டதாக டெய்லர் சண்டைக்குப் போனார். கண் தெரியாவிட்டால் விளக்கு என்ன செய்யும் என்று சலூன்காரர் கேட்டார். அன்றோடு பேச்சு முறிந்தது. டெய்லர் தலை வளர்ந்தால் அடுத்த தெருவுக்குப் போய் வெட்டிக்கொள்வார். சலூன்காரர் பட்டன் அறுந்தால் பின் குத்திக்கொள்வார்.

"நான் ஒண்ணும் சொல்லலை. குடைக்காரம்மா வழக்கமா சொல்றதைத்தான் சொன்னேன்," என்றார் டெய்லர், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே.

"அதைத்தான் கேக்கறேன்! ஒவ்வொரு வாரமும் உன் வாசல்ல நின்னு என் கடையைக் காட்டறாங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே இருக்கேன். என் மண்டையைப் பத்தித்தானே?"

"மண்டையைப் பத்தித்தான் ஆரம்பிக்குது," என்றார் நெட்டை மனிதர். "ஆனா அப்புறம் ரொம்ப நல்லா போகுது."

கல்யாணப் பெண் தானே முன்வந்து சொன்னாள். நாற்காலி, விரல், தலைக்குப் பின்னால் கண்ணாடி, தலையாட்டல், பாதித் தெரு, எல்லாவற்றையும் சொன்னாள். சலூன்காரர் கேட்கக் கேட்க அவர் முகம், மொட்டைத் தலை, காது மடல் எல்லாம் சிவந்தது. அக்காவிடம் திரும்பினார்.

"இதையாம்மா சொல்றீங்க? இத்தனை நாளா? ஒவ்வொரு தடவையும்?"

அக்கா தலையை ஆட்டினாள்.

"நான் உங்களை மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா! போன மாசம் உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் ஏத்தி வெட்டினேனே, வேணும்னுதான் வெட்டினேன்!"

பெரியவர் ஒரு மாதம் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் அன்றுதான் தெரிந்தது. அக்கா குடையை ஓங்கினாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

"சரி," என்றார் டெய்லர், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றி விசாரிப்பது போல மெதுவாக. "அப்ப உன் வாசல்ல நின்னு என் கடையைக் காட்டிச் சிரிக்கிறாங்களே, அது என்னது?"

சலூன்காரர் விறைத்துக்கொண்டார். "அதை இங்க நின்னு சொல்ல முடியாது. அந்தப் பக்கம் நின்னு இந்தக் கடையைப் பார்த்துத்தான் சொல்லணும். எனக்கு அப்படித்தான் பழக்கம். கேக்கணும்னா அங்க வா!"

டெய்லர் ஒரு காலை எடுத்து வைத்தார். அக்காவின் குடை குறுக்கே விழுந்தது. கடப்பதென்றால் ஜோடி. அதில் பேச்சே இல்லை. கூட்டம் முழுக்க ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டது. நான் வாத்தியாரோடு, கம்பெனிப் பெண் நெட்டை மனிதரோடு. மிச்சம் இருந்தது இரண்டே பேர்.

"இவன் கையையா?" என்றார் டெய்லர்.

"இவன் கையையா?" என்றார் சலூன்காரர்.

அக்கா குடையை நகர்த்தவில்லை. எதிர்ப்பக்கம், கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்த வாடிக்கையாளர் கதவைத் திறந்து, "ஐயா, எதையாவது ஒண்ணு பண்ணிட்டு வாங்க, எனக்கு அரிக்குது!" என்று கத்தினார்.

அளவு நாடா தொங்கிய கழுத்தோடு டெய்லர் கையை நீட்டினார். சலூன்காரர் தன் கையை அங்கியில் துடைத்துவிட்டுப் பிடித்தார். மார்க்கெட்டில் வாங்கிய மீனைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு இருவரும் கடந்தார்கள்.

சலூன் வாசலில் சலூன்காரர் சீப்பை உயர்த்திப் பிடித்தார்.

"மக்களே! எதிர்ல துணிக்குவியல் நடுவுல ஒரு மூக்குக்கண்ணாடி தெரியுதா? வழக்கமா அதுக்குப் பின்னால ஒரு மனுஷன் இருப்பார். இன்னிக்கு இங்க வந்து நிக்கிறார். பாதிரியாருக்கு அங்கி, வக்கீலுக்குக் கறுப்புக் கோட், தொழுகைக்குப் போறவருக்கு நீளச் சட்டை, எல்லாம் அந்த ஒரே மிஷின்தான். அளவெடுக்கும்போது நாம எல்லாரும் வயித்தை உள்ளே இழுப்போம் இல்லையா?"

கூட்டத்தில் பாதி வயிறுகள் அப்போதே உள்ளே போயின. சிரிப்பு.

"இழுத்தா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். நாடா என்ன சொல்லுதோ அதை எழுதிப்பார். ஆனா தைக்கும்போது கொஞ்சம் கூட விட்டுத் தைப்பார். நாம மூச்சு விட்டா பட்டன் தெறிக்காது. புது ஊர்ல, வேலைக்குப் போற முதல் நாள்ல, பட்டன் தெறிக்காம மானத்தோட நிக்கிறோம்னா அதுக்கு அவர்தான் காரணம். இன்னிக்கு வரைக்கும் யாரையும் பார்த்து நீ குண்டுன்னு சொன்னதில்லை, மக்களே!"

டெய்லர் கண்ணாடியைக் கழற்றி அளவு நாடாவால் துடைத்தார். நாடாவால் துடைத்தால் கண்ணாடி சுத்தமாகுமா?

"இது குடைக்காரம்மா சொல்றது," என்று சலூன்காரர் தொடர்ந்தார். "இனிமே நான் சேர்க்கறது. இவருக்கு என் விளக்கு மேல மட்டும்..."

"அந்தப் பேச்சை எடுக்காதே!"

"திருப்பி மாட்டிடறேன்யா! உன் பக்கம் வெளிச்சம் விழாத மாதிரி திருப்பி மாட்டிடறேன்னு சொல்ல வந்தேன். சொல்ல விடறியா!"

வாத்தியார் என் காதில், "எந்த வருஷத்துச் சண்டை?" என்று கேட்டார். அவரைத் தடுக்க முடியாது.

அதற்குள் தெருவே வெளியே வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். எதிர்க்கடை வாசலில் நின்று தன்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாள்? எதிரே உள்ளவரைப் பற்றிய பேச்சு ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். தெரு இரைச்சலில் எதிர்ப்பக்கத்துக்குச் சிரிப்பு மட்டும்தான் எட்டும் என்பதால், தன்னைப் பற்றியது ஒரு வரி தெரியாது. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்தார். அவருக்கு எதிரே இருக்கும் லாண்டரி அம்மா இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.

"நீ முதல்ல சொல்லு," என்றாள் லாண்டரி அம்மா.

"நீங்க சொல்லுங்கக்கா முதல்ல. நான் சொல்லிட்டா நீங்க உள்ளே போயிடுவீங்க!"

"நான் என்ன ஓடிப் போறவளா? இவரைப் பத்தி என்ன சொல்வாங்கன்னா, மக்களே, எந்த மதத்துக்காரங்க எந்த வேளைக்கு நோன்பை முடிச்சாலும் அந்த வேளைக்குச் சூடா ரொட்டி எடுப்பாராம். இத்தனை சாமிங்களோட கடிகாரமும் இவர் அடுப்புக்குள்ளதான் ஓடுதாம். போதுமா? இப்ப என்னைச் சொல்லு!"

பேக்கரிக்காரர் மாவுக் கையை வானத்துக்குத் தூக்கினார். "மக்களே! மொட்டை மாடியில அந்தக் கொடியைப் பாருங்க. வேட்டி, பாவாடை, அங்கி, கால்சட்டை, எந்தெந்த நாட்டுத் துணியோ தோளோடு தோள் உரசிக்கிட்டுக் காயுது. இத்தனை வீட்டு அழுக்கும் அந்த அம்மாவுக்குத் தெரியும். ஒரு வீட்டு அழுக்கை இன்னொரு வீட்ல சொன்னதில்லை!"

லாண்டரி அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அது சரிதான்," என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "என்னமோ தீயற வாசனை வரலை?"

ஒரு பக்கம் ரொட்டி, இன்னொரு பக்கம் யாருடைய கால்சட்டையோ. இருவரும் இரண்டு பக்கமாக ஓடினார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கூட்டம் என்று சொல்கிறேன். அதில் யார் சுற்றுலா வந்தவர், யார் காய்கறி வாங்க வந்தவர் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோர் கையும் இன்னொருவர் கையில் இருந்தது.

இதற்கு நடுவில் கம்பெனிப் பெண்ணை நான் மறந்தே போனேன். சலூன்காரர் மறக்கவில்லை.

"ஏம்மா, காதுல பேசிக்கிட்டே இருக்குதே, அது என்னைப் பத்தி என்ன சொல்லுது?"

"அதுவும் நல்லாத்தான் சார் சொல்லும்," என்று அவள் கருவியைக் கழற்றிச் சத்தமாக வைத்தாள். தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. வழவழவென்று ஒரு பெண் குரல். 'உங்கள் இடதுபுறம் ஒரு தையற்கடை. உங்கள் வலதுபுறம் ஒரு முடி திருத்தகம். தொடர்ந்து நடக்கவும்.'

நாங்கள் நின்றதோ சலூன் வாசலில், எதிரே டெய்லர் கடையைப் பார்த்தபடி. இடது பக்கத்தில் இருந்தது குப்பைத்தொட்டி. வலது பக்கம் மின்கம்பம்.

"குப்பைத்தொட்டியிலயா நான் தைக்கிறேன்?" என்றார் டெய்லர்.

"நீங்க திரும்பி நிக்கணும் சார். தெரு முனையைப் பார்த்து நின்னா..."

"திரும்பினா இவன் என் எதிர்ல இருக்க மாட்டானே!" என்றார் சலூன்காரர், டெய்லரின் தோளில் கை போட்டபடி. "மொட்டையைக்கூடச் சொல்லலையேம்மா அது. இவ்வளவு பெரிய மண்டை, கண்ணுக்குத் தெரியலையா அதுக்கு?"

கருவி மறுபடியும், 'தொடர்ந்து நடக்கவும்' என்றது. "நடக்க முடியாது, போ!" என்றது தோளில் இருந்த குழந்தை. அந்தப் பெண் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்தாள். இந்தத் தடவை பல் வைத்தியருக்குக் காட்டுகிற சிரிப்பு இல்லை, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. கருவியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மிச்சத் தெருவையும் அப்படியே நடந்தோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா குடையைத் தூக்கினால் போதும், எங்கிருந்தோ ஒரு குரல் 'மக்களே!' என்று கிளம்பும். அக்கா மட்டும் போகப் போக வாடிக்கொண்டு வந்தாள். தெருக்கோடியில் அவள் என் கையைப் பிடித்து அழுத்தியபோதுதான் எனக்குப் புரிந்தது. கருவியிடம் தப்பியாயிற்று. ஆனால் இத்தனை பேருக்கும் இத்தனையும் தெரிந்திருக்கும்போது அவள் எதற்கு?

கம்பெனிப் பெண் நேராக அக்காவிடம் வந்தாள்.

"மேடம், உங்க தொண்டை எப்ப சரியாகும்?"

அக்கா கையை விரித்தாள்.

"சீக்கிரம் சரி பண்ணிக்கோங்க. இந்தத் தெரு கருவிக்கு அடங்காது. இவங்க எல்லாரும் நல்லா சொல்றாங்க. ஆனா இதையெல்லாம் முதல்ல பார்த்துச் சொன்னது நீங்கதானே? புதுசா ஒரு கடை வந்தா இவங்களுக்கு யார் சொல்லிக் குடுப்பாங்க?"

அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள். வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். காற்றுதான் வந்தது. இருந்தாலும் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

தொண்டை திரும்பச் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் வீடு கோயில் மாதிரி இருந்தது என்று பெரியவர் வெளியே சொல்லிக்கொண்டார். வீட்டுக்குள் அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டு, "ஏதாவது திட்டேன், பார்க்கலாம்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சலூன்காரர் கூப்பிட்டு, மற்றப் பக்கத்தையும் சமமாக வெட்டி அனுப்பினார், வெட்டினதற்கு எதுவும் வாங்கிக்கொள்ளாமல். டெய்லருக்கும் முடி வெட்டியிருந்தது. சலூன்காரர் சட்டையில் எல்லாப் பட்டன்களும் இருந்தன.

அடுத்த நடைக்கு நானாகவே கிளம்பிப் போனேன். காய்கறி வாங்கத்தான் போனேன் என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் காய்கறிப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். அக்கா டெய்லர் வாசலில் கூட்டத்தை நிறுத்தினாள். எதிரே சலூன்காரர் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைத் துடைத்துப் பளபளவென்று காட்டிக்கொண்டு நின்றார். அக்கா குடையை நீட்டி மூச்சை இழுத்தாள். பின்னால் தொண்டையைக் கனைக்கிற சத்தம். டெய்லர் கத்தரிக்கோலோடு வாசலுக்கே வந்துவிட்டிருந்தார்.

"மக்களே!" என்று அவர் தொடங்கிவிட்டார்.

அக்கா திரும்பினாள். கொஞ்சம் கரகரப்பு இருந்தது, மற்றபடி மைதானத்தில் கேட்ட அதே குரல்.

"டெய்லர் அண்ணே! உள்ளே போய் அந்த ஊசியை எடுத்து வாயில வச்சுக்கோங்க!"